பதினைந்து வருடம் கழித்து மேஜிக் பக்கம் திரும்புகிறேன்: கடன் வாங்கிய புத்தகத்தில் புக் டெஸ்ட் செய்ய எங்கிருந்து தொடங்குவது?

தூசிபடிந்தகட்டு:

வணக்கம். பள்ளியில் தொடங்கி இருபத்தாறு வயது வரை சீட்டுக்கட்டும் காசும்தான் என் உலகம். தினமும் கண்ணாடி முன் இரண்டு மணி நேரம். அப்புறம் வேலை, இடமாற்றம், குழந்தைகள் என்று போனதில் கட்டு அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. போன மாதம் எடுத்துப் பார்த்தேன். இரண்டு சீட்டை ஒன்றுபோல் எடுக்கும் டபுள் லிஃப்ட் ஓரளவு வருகிறது. கட்டின் இரு பாதிகளை ரகசியமாக இடம் மாற்றும் பாஸ் போட்டால் என் கண்ணுக்கே தெரிகிறது, பாம் செய்து மறைத்த சீட்டு உள்ளங்கையை விட்டு எட்டிப் பார்க்கிறது.

இதை எழுத வைத்தது வேறொரு சம்பவம். உறவினர் வீட்டில் யாரோ "இவர் மேஜிக் செய்வார்" என்று சொல்லிவிட, பத்து பேர் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கையில் எதுவும் இல்லை. எதிரே ஒரு அலமாரி நிறையப் புத்தகங்கள் இருந்தன. அந்த நேரத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து ஒருவரிடம் கொடுத்து, அதில் அவர் பார்த்து நினைத்த சொல்லை மட்டும் சொல்ல முடிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். புக் டெஸ்ட் என்பது அதுதானே. ஒரு காசை மறைத்துச் சமாளித்துவிட்டு வந்தேன்.

மனதைப் படிப்பதுபோல் காட்டும் இந்த மென்டலிசம் எனக்கு முழுக்கப் புதிது. முன்தயாரிப்பே இல்லாமல், அங்கே கிடைக்கும் பொருளை வைத்துச் செய்யும் வகைதான் வேண்டும். கை வித்தை போய்விட்ட ஒருவர் இதற்கு வரலாமா? எதை முதலில் படிப்பது? தமிழ்ப் புத்தகத்தில் இதெல்லாம் நடக்குமா, இல்லை ஆங்கிலத்துக்கு மட்டும்தானா?

கைக்குட்டை:

வரலாம், ஆனால் கை போய்விட்டது என்பதற்காக வராதீர்கள் அண்ணா. "மென்டலிசத்துக்குக் கை வேண்டாம்" என்று நினைத்து வந்தவர்கள் நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன். ஒரு துண்டுச் சீட்டை மாற்றுவதற்கும், மடித்த தாளை ஒரு நொடி திறந்து பார்ப்பதற்கும் நீங்கள் காசில் பழகிய அதே கை வேண்டும். ஒரே வித்தியாசம், இங்கே யாரும் கையைப் பார்க்க மாட்டார்கள். சீட்டு வித்தையில் பத்து பேர் உங்கள் விரலையே பார்த்துக்கொண்டிருக்க நீங்கள் தப்பித்திருக்கிறீர்கள். அந்தப் பழக்கம் பாதி மிச்சம் இருந்தாலே இங்கே தாராளம்.

மூன்றாம்வரிசை:

கைக்குட்டை சொல்வதோடு ஒத்துப்போகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். பழைய மேஜிக்காரர்கள் மென்டலிசத்துக்கு வரும்போது முதலில் இடறும் இடம் கை இல்லை, வேகம். சீட்டு வித்தையில் பழகியவர் சொல்லைக் கண்டுபிடித்த உடனே சட்டென்று அறிவித்துவிடுவார், ஏனென்றால் "உங்கள் சீட்டு இதுதானே" என்று திருப்பிக் காட்டுவதில்தான் அவருடைய கைதட்டல் இருந்தது. ஒரு மனிதர் மனதில் வைத்திருக்கும் சொல்லை அப்படித் திருப்பிப் போட்டால் அது புதிராகிவிடுகிறது. எப்படித் தெரிந்தது என்று உடனே தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எந்த புக் டெஸ்ட்டையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு வேலைதான் இருக்கும். எந்தப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அந்தப் பக்கத்தில் எந்தச் சொல் என்பது தெரிய வேண்டும். பக்கத்தை நீங்களே அவர் கையில் திணிக்கலாம், அதுதான் ஃபோர்ஸ். அவர் தேர்ந்ததை நீங்கள் ஒளிந்து பார்க்கலாம், அது பீக். அவரையே எழுத வைத்து, எழுதியதை எடுக்கலாம். அல்லது அச்சிலேயே தில்லுமுல்லு செய்த புத்தகம் வைத்திருக்கலாம். கடைசி வகை மேடைக்கு அருமையானது, ஆனால் உங்கள் உறவினர் வீட்டு அலமாரியில் அது இருக்காது. ஆக மீதி மூன்று.

படிக்க வேண்டுமென்றால் கொரிண்டா மென்டலிசம் பற்றி எழுதிய "பதின்மூன்று படிகள்" என்ற நூல். ஏழாவது படி முழுக்கப் புத்தகச் சோதனைதான். ஆனால் தயவுசெய்து மூன்றாவது படியைத் தாண்டிப் போகாதீர்கள், அது நினைவாற்றல் பற்றியது. எல்லோரும் அதைப் புரட்டிவிட்டு ஓடுவார்கள். முன்தயாரிப்பில்லாத புக் டெஸ்ட் செய்பவனுக்குச் சோறு போடும் படி அதுதான். அப்புறம் ஆனிமன். 1934 முதல் 1941 வரை "ஜிங்க்ஸ்" என்ற மேஜிக் இதழை நடத்தியவர், 1942இல் முப்பத்துநான்கு வயதிலேயே இறந்துவிட்டார். அவர் இதழில் வந்த மனவித்தைகளை 1944இல் ஒரே தொகுப்பாகப் போட்டார்கள். அதில் உள்ள சில கருவிகள் பழையவை. ஆனால் சுற்றிவளைக்காமல் நேராக விஷயத்துக்கு வருவது எப்படி என்று அவரிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.

தூசிபடிந்தகட்டு:

மிக்க நன்றி. கொரிண்டா பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன், படித்ததில்லை. அலமாரியிலிருந்து எடுத்த எந்தப் புத்தகத்திலும் செய்யலாம் என்று டேவிட் ஹாய் என்ற மனவித்தைக்காரரின் முறை பற்றிப் பலர் சொல்கிறார்கள். அதையே முதலில் எடுக்கலாமா?

மூன்றாம்வரிசை:

எடுக்கலாம். 1963இல் வந்த அவருடைய சிறு நூலில் இருக்கிறது. எல்லோரும் படிக்கும் இடத்தில் முறையை வரிக்கு வரி எழுத மாட்டேன், வாங்கிப் படியுங்கள். அதன் தன்மையை மட்டும் சொல்கிறேன். கருவி இல்லை, கை வித்தை இல்லை. இரண்டு மூன்று புத்தகங்கள், வேறு வேறு ஆட்கள், நடுவில் நீங்கள் குரல் நடுங்காமல் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் முடிந்த நொடியில் உங்கள் வேலை முடிந்துவிட்டது, பார்ப்பவர்களுக்கோ இன்னும் எதுவும் தொடங்கவே இல்லை.

முதன்முதலில் இதைப் படித்தபோது "இதைப் போய் யார் நம்புவார்கள்" என்று மூடி வைத்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து வேறு வழியில்லாமல் ஒரு இடத்தில் செய்தேன். இன்றுவரை நான் செய்ததில் மிக அதிகமாக நினைவில் வைத்திருந்து என்னிடம் திருப்பிச் சொல்லப்படும் நிகழ்ச்சி அதுதான். அங்கே இருந்தவர்கள் இப்போது அதைச் சொல்லும்போது நான் புத்தகத்தைத் தொடவே இல்லை என்கிறார்கள். இரண்டு புத்தகத்தையும் தொட்டேன்.

நீங்கள் பழக வேண்டியது அந்த வாக்கியத்தைத்தான். வீட்டில் தனியாக உட்கார்ந்து சத்தமாக, இருபது முப்பது தடவை. உண்மையான பக்க எண்ணைப் படித்துச் சொல்லும்போது உங்கள் கண் எங்கே போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எண்ணைச் சொல்லும் முன் மூச்சு எப்படி வருகிறது என்று கவனியுங்கள். பிறகு நிகழ்ச்சியில் அதே கண், அதே மூச்சு. பொய் சொல்லும்போது நாம் வழக்கத்தைவிட வேகமாகவோ மெதுவாகவோ சொல்கிறோம், அது ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

நூலகவாசி:

தமிழ்ப் புத்தகத்தில் நடக்குமா என்று கேட்டிருந்தார், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் ஏழெட்டு வருடமாகத் தமிழ்ப் புத்தகத்தில் மட்டுமே செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஆங்கில நூல்களில் "பக்கத்தின் முதல் சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று எளிதாக எழுதிவிடுவார்கள். தமிழில் அது கண்ணிவெடி. நம் அச்சில் வரி முடிவில் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளுவது சாதாரணம், இடையில் சிறு கோடு கூடப் போடுவதில்லை. பக்கம் மாறும் இடத்திலும் அதுவே நடக்கிறது. ஆக முதல் சொல் என்று அவர் பார்ப்பது "றார்கள்" என்றோ "டிருந்தது" என்றோ இருக்கலாம். பாவம், அவர் அதை மனதில் வைத்துக்கொண்டு எதைக் கற்பனை செய்வார்? இதற்கு நம் இலக்கணமே ஒரு வழி வைத்திருக்கிறது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன இந்த எட்டு வரிசையும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. பக்கத்தின் மேல் வரி இதில் ஒன்றில் தொடங்கினால் உடைந்த சொல் என்று ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். (ரயில், லாரி மாதிரி வந்து சேர்ந்தவை விலக்கு.) நீங்கள் முன்கூட்டிப் பார்க்கும் பக்கம் அப்படித் தொடங்கினால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இரண்டாவது, நம் சொற்கள் வேற்றுமையும் விகுதியும் சுமந்துகொண்டு வருகின்றன. பக்கத்தில் "கடற்கரையிலிருந்து" என்று இருக்கும், அவர் மனதில் வைத்திருப்பது கடற்கரை. நீங்கள் எழுத்துக்கு எழுத்து அச்சில் இருந்ததைச் சொன்னால் மனதைப் படித்த மாதிரி இருக்காது, பக்கத்தைப் பார்த்த மாதிரி இருக்கும். ஒருமுறை அப்படியே செய்தேன். எதிரில் இருந்தவர் ஒரு நொடி யோசித்து "புத்தகத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள்" என்றார். சரியாகச் சொன்னதாலேயே மாட்டினேன். அதற்குப் பிறகு ஒருபோதும் விகுதியோடு சொல்வதில்லை. நீர், திறந்த வெளி, காலில் ஒட்டும் மணல், இப்படிப் படமாகத்தான் போவேன்.

மூன்றாவதுதான் இத்தனை வருடத்தில் எனக்கு மிகவும் உதவியது. "முதல் வரியில் ஏதாவது ஒரு சொல்" என்று கேட்காமல் "முதல் வரியைப் படியுங்கள், கண்ணை மூடினால் படமாக வரக்கூடிய ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். ஒரு தமிழ் வரியில் ஐந்தாறு சொற்கள் இருக்கும். அதில் "ஆனால்", "அப்போது", "என்று", "கொண்டிருந்த" எல்லாம் படமாக வராது. மீதி ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அவர் தன் விருப்பப்படி தேர்ந்தார் என்பது முழு உண்மை, உங்களுக்கு வேலை சுருங்கியதும் உண்மை. அப்படி இரண்டு இருந்தால் எது என்று பிரிக்க ஒரு சின்னத் தகவல் போதும். ஒன்று உயிருள்ளது, ஒன்று பொருள் என்றால் "இது அசைகிறதா, அப்படியே நிற்கிறதா" என்று உங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வதுபோல் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். அவர் முகமே பதில் சொல்லும்.

கைக்குட்டை:

எட்டு எழுத்து விஷயம் அபாரம். துண்டுத் தாளில் எழுத வைத்து, அதைக் கிழிக்கும்போது எழுத்து இருக்கும் நடுத்துண்டை மறைத்து எடுக்கும் சென்டர் டேர் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்ச் சொல் அகலமானது. தாளின் நடுவில் சிறு வட்டம் போட்டுக்கொடுத்து "இதற்குள் எழுதுங்கள்" என்றால் கடைசி இரண்டு எழுத்து வட்டத்துக்கு வெளியே போய்விடும், கிழித்த துண்டில் பாதிச் சொல்தான் கிடைக்கும். நான் வட்டத்துக்குப் பதிலாக அகலமான நீள்வட்டம் போடுகிறேன், தாளையும் கொஞ்சம் பெரிதாக எடுக்கிறேன். அப்புறம் கையெழுத்தில் துணைக்காலும் ர-வும் ஒரே மாதிரி இருக்கும், ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று தெரியாது, பலர் புள்ளியே வைப்பதில்லை. துண்டு தலைகீழாகக் கைக்கு வந்தால் இன்னும் கஷ்டம். தலைகீழாகத் தமிழ் படிக்கப் பழகுங்கள். ஒரு வாரம் எந்தப் புத்தகத்தையும் தலைகீழாக வைத்துப் பத்து நிமிடம் படித்தால் போதும், வந்துவிடும்.

மூன்றாம்வரிசை:

நூலகவாசி, ஏழெட்டு வருட உழைப்பை இப்படிக் கொட்டியதற்கு நன்றி. நானும் இந்த உடைந்த சொல்லில் அடி வாங்கியிருக்கிறேன், ஆனால் எழுத்து வரிசையை வைத்து வடிகட்டலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

வெற்றுப்பை:

புத்தகமே இல்லாத இடத்துக்கு ஒரு தாளும் பேனாவும் போதும் என்றால் மாயச்சதுரம் கற்றுக்கொள்ளுங்கள். மனவாசிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் அசாதாரண மூளை என்ற தோற்றம் வரும், புக் டெஸ்ட்டுக்கு முன்னால் வைத்தால் நல்ல தொடக்கம். 34க்கும் 60க்கும் இடையில் ஓர் எண் கேளுங்கள். முதல் வரிசை 8, 11, அந்த எண்ணில் 20 குறைத்தது, 1. இரண்டாம் வரிசை 21 குறைத்தது, 2, 7, 12. மூன்றாவது 3, 18 குறைத்தது, 9, 6. நான்காவது 10, 5, 4, 19 குறைத்தது. எப்படிக் கூட்டினாலும், வரிசை, நெடுக்கு, மூலைவிட்டம், அதே எண் வரும். 34க்குக் கீழே போனால் ஒரே எண் இரண்டு கட்டத்தில் வரும், ரொம்ப மேலே போனால் நான்கு எண்கள் மட்டும் பெரிதாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மாறுகிற நான்கு கட்டத்தைக் கடைசியில் நிரப்பாமல் நடுநடுவே நிரப்புங்கள். இந்த வாய்பாடு எங்கும் பரவிக் கிடக்கிறது, அதனால் எழுதுவதில் தயக்கமில்லை.

தூசிபடிந்தகட்டு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் வாரம் முழுக்க நினைவுப் பயிற்சி மட்டும். பக்க எண்ணையும் சொல்லையும் ஒரு பார்வையில் எடுத்து, ஐந்து நிமிடம் வேறு எதையாவது பேசிவிட்டு, திரும்பச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாள் எண் நினைவிருந்தால் சொல் போய்விடும், சொல் இருந்தால் எண் போய்விடும். பிறகு கொரிண்டா சொல்வதுபோல் எண்ணைப் படமாக மாற்றி, அந்தச் சொல்லின் படத்தோடு கட்டிப்போட ஆரம்பித்த பிறகு நிற்கிறது. 174 பக்கமும் "படகு"ம் இன்னும் மறக்கவில்லை, மறக்க நினைத்தாலும் போகவில்லை.

இரண்டாம் வாரம் ஹாய். வாக்கியம் கண்ணாடி முன் நன்றாக வந்தது. நண்பர்கள் நான்கு பேர் முன் செய்தேன். வாக்கியம் போய்ச் சேர்ந்தது, யாரும் சந்தேகப்படவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்புறம் அந்தப் பெண்மணி பக்கத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். நான் பார்த்தது பக்கத்தின் முதல் வரி, அவர் பார்த்தது அந்தப் பக்கத்தில் தொடங்கும் முதல் பத்தி. ஏன் என்றால் முதல் வரி "கொண்டிருந்தான்" என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிட்டது, அதில் படமாக வர எதுவும் இல்லை, அவர் தானாகவே கீழே இறங்கிவிட்டார். "கொ" என்று தொடங்கியதால் எட்டு எழுத்தில் அது மாட்டவும் இல்லை. நான் சொன்ன எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் "இன்று எனக்குக் கிடைக்கவில்லை, உங்கள் சொல் என்ன" என்று கேட்டேன். சொன்னார். நன்றி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

ஆச்சரியம் என்னவென்றால் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. சீட்டு வித்தை தோற்றால் சிரிப்பார்கள். இங்கே "இன்னொரு தடவை முயற்சி செய்து பாருங்கள்" என்று அவர்களே சொன்னார்கள். அன்று செய்யவில்லை, பயம்.

போன சனிக்கிழமை வேறு இடம், வேறு ஆட்கள். இந்த முறை வரி முழுதாக இருக்கும் பக்கமாகப் பார்த்து எடுத்தேன். சொல் "ஜன்னல்". உடனே சொல்லவில்லை. சதுரமாக ஏதோ ஒன்று, அதன் வழியாக வெளிச்சம் என்றேன். அவர் கை வாய்க்குப் போனது. அந்த ஒரு நொடிக்காகப் பதினைந்து வருடம் இழந்ததை நினைத்து வருத்தமாக இருந்தது, உண்மையாகவே.

பிறகுதான் சிக்கல். "எப்படி" என்று ஒருவர் தீவிரமாகக் கேட்டார். சீட்டில் "கை வேகம்" என்று சொல்லிவிடுவேன், அது ஓரளவு உண்மையும்கூட. இங்கே என்ன சொல்வது? "முகத்தைப் படித்தேன்" என்றேன். வீட்டுக்கு வந்த பிறகு அது சரியில்லை என்று பட்டது. நீங்களெல்லாம் என்ன சொல்கிறீர்கள்?

கைக்குட்டை:

நான் எதுவும் சொல்வதில்லை, புன்னகைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். அவர்கள் பொழுதுபோக்குக்காக உட்கார்ந்திருக்கிறார்கள், நாடகத்தில் நடிப்பவர் "நான் அரசன் இல்லை" என்று இடையில் நிறுத்திச் சொல்வதில்லையே.

அமைதிமேடை:

நாடகத்துக்குப் போகிறவருக்கு அது நாடகம் என்று தெரியும் தம்பி. வீட்டுக் கூடத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்குத் தெரியாது. அந்த வித்தியாசம் எனக்கு ஒரே நாளில் புரிந்தது, அதை இங்கே எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருடம் முன்பு ஒரு விழாவில் புக் டெஸ்ட் செய்தேன். எல்லோரும் போன பிறகு ஒரு அம்மா மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. பக்கத்தில் போனேன். மகன் இறந்து ஒரு வருடம் ஆகிறது, அவன் கடைசியாக என்ன நினைத்தான் என்று உங்களால் சொல்ல முடியுமா என்று கேட்டார். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. அன்று நான் மேடையில் சொன்ன எதுவும் அப்படிப்பட்டதில்லை, ஆவி என்றோ சக்தி என்றோ ஒரு வார்த்தை இல்லை. "உள்ளுணர்வு" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அந்த ஒரு சொல்லின் மேல் அவர் அவ்வளவு பெரிய நம்பிக்கையை ஏற்றி வைத்துவிட்டார். அம்மா, நான் வித்தைக்காரன், எனக்கு அப்படி எதுவும் தெரியாது, இது பயிற்சியால் செய்வது என்று சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் சொன்னதற்கு இன்றுவரை வருத்தமில்லை, சொல்லியே ஆக வேண்டும்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் எதுவும் செய்யவில்லை. திரும்ப ஆரம்பித்தபோது எனக்கு நானே சில விஷயங்களை முடிவு செய்துகொண்டேன். தொடங்கும்போதே "நான் மேஜிக் செய்பவன், இது மனவாசிப்பு போல் தோன்றும் வித்தை" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிடுவேன். அதனால் வித்தை கொஞ்சமும் வலுவிழக்கவில்லை, சொன்னபிறகும் அவர்கள் வாயில் கை வைக்கத்தான் செய்கிறார்கள். யாருடைய எதிர்காலத்தையும், நோயையும், இறந்தவர்களையும் தொடுவதில்லை. முன்பின் தெரியாத ஆளைப் பற்றி எல்லாம் தெரிந்ததுபோல் சொல்லும் கோல்ட் ரீடிங் பக்கம் போவதே இல்லை.

"முகத்தைப் படித்தேன்" என்றது சரியில்லை என்று உங்களுக்குப் பட்டது நல்ல அடையாளம். அது பார்க்க அப்பாவித்தனமான பொய். ஆனால் அதைக் கேட்டவர் நாளை யாரோ முகத்தைப் பார்த்து "இவர் பொய் சொல்கிறார்" என்று அடித்துச் சொல்லும்போது நம்பிவிடுவார். நாம் விதைத்த நம்பிக்கை அது. 1949இல் ஃபோரர் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். 39 மாணவர்களுக்கு ஆளுமைச் சோதனை என்று ஒன்றை வைத்து, முடிவு என்று எல்லோருக்கும் ஒரே குறிப்பையே கொடுத்தார். உனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. மனிதர் எவ்வளவு எளிதாகத் தன்னைப் பற்றிய வார்த்தையை எடுத்துக்கொள்கிறார் என்று தெரிந்த பிறகு, அந்த வாசலில் நிற்கவே எனக்குக் கூசுகிறது.

மூன்றாம்வரிசை:

இதற்கு மேல் நான் சேர்க்க அதிகம் இல்லை. உண்மையாகவே ஆளைப் படிக்கும் ஒரு வித்தையைச் செய்ய வேண்டுமென்றால் தசைவாசிப்பு இருக்கிறது. ஒளித்து வைத்த பொருளை, அதை ஒளித்தவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்க, நீங்கள் நடந்து போய் எடுப்பது. 1870களில் அமெரிக்காவில் ராண்டல் பிரவுன் என்பவர் இதை மேடையேற்றினார், அவரிடமிருந்து பிஷப் என்ற பெயருள்ள இன்னொருவர் எடுத்துக்கொண்டு உலகம் சுற்றினார். பொருளை ஒளித்தவரின் கை அறியாமல் காட்டும் தயக்கத்தையும் தள்ளுதலையும் பிடித்துப் போகிறீர்கள், பொய்யே தேவையில்லை. இப்படி எண்ணத்தால் தானாகவே எழும் அசைவுக்கு 1852இல் கார்பென்டர் என்ற அறிஞர் ஐடியோமோட்டர் என்று பெயர் வைத்தார். விடையைக் குளம்பால் தட்டிக் காட்டி, கணக்குப் போடுவதாகப் பேர் வாங்கிய ஹான்ஸ் என்ற குதிரையின் கதை தெரியும்தானே, கேள்வி கேட்பவரின் தலை லேசாக அசைவதைப் பார்த்துத்தான் அது குளம்பு தட்டுவதை நிறுத்தியது. ஃபுங்ஸ்ட் என்பவர் அதைக் கண்டுபிடித்து 1907இல் எழுதினார். காரணம் தெரிந்த பிறகும் அந்த அசைவைத் தன்னாலேயே அடக்க முடியவில்லை என்கிறார் அவர். புக் டெஸ்ட்டில் நூலகவாசி சொன்ன "அசைகிறதா, நிற்கிறதா" இடத்திலும் இதுவேதான் வேலை செய்கிறது. ஆக "கொஞ்சம் உங்களைக் கவனித்தேன், மீதி வித்தை" என்று சொன்னால் அது பொய்யில்லை. நான் அதைத்தான் சொல்கிறேன்.

கைக்குட்டை:

அமைதிமேடை, நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அந்த அம்மா கதையை இரண்டு முறை படித்தேன். தொடக்கத்திலேயே சொல்லிவிடும் முறையை அடுத்த நிகழ்ச்சியில் செய்து பார்க்கிறேன். வித்தை வலுவிழக்கவில்லை என்பதை நம்பக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

நூலகவாசி:

தூசிபடிந்தகட்டு, உங்கள் முதல் தோல்விக்கு ஒரு மருந்து. மேல் வரி பாதியில் முடிந்துவிட்டால் ஆள் கீழே இறங்குவார் என்பது சரிதான், எனக்கும் நடந்திருக்கிறது. பக்கத்தைப் பார்க்கும்போது முதல் வரி மட்டும் போதாது, முதல் இரண்டு வரியையும் எடுங்கள். இரண்டாவது வரியில் ஒரே ஒரு படச்சொல் போதும், அதை ஓரமாக வைத்திருங்கள். தேவைப்படாவிட்டால் மறந்துவிடலாம். இன்னொன்று, செல்பேசியில் மின்னூல் திறந்து நீட்டினால் பணிவாக மறுத்துவிடுங்கள், எழுத்தின் அளவை மாற்றினாலே பக்கம் முழுதும் கலைந்து வேறாகிவிடும்.

தூசிபடிந்தகட்டு:

இரண்டு வரி. சரி, இன்று இரவே ஆரம்பிக்கிறேன்.

ஜன்னல் நினைத்தவரை நேற்றுத் தொலைபேசியில் அழைத்தேன். அன்று முகத்தைப் படித்தேன் என்றது முழு உண்மை இல்லை, நான் பழைய மேஜிக்காரன், அது பயிற்சி செய்த வித்தை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தெரியும் என்றார். எப்படி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த ஜன்னல் தன் பாட்டி வீட்டு ஜன்னல், யோசிக்காமலே அதுதான் கண்முன் வந்தது, நீங்கள் வெளிச்சம் என்றதும் அதே வெளிச்சம் தெரிந்தது என்றார். அடுத்த மாதம் அவர்கள் வீட்டில் எல்லோரும் கூடுகிறார்களாம், வரச் சொல்லியிருக்கிறார். புத்தகம் அங்கேயே இருக்கும், எதுவும் கொண்டுவர வேண்டாம் என்றார்.

அமைதிமேடை:

போய்விட்டு வந்து எழுதுங்கள்.